பாலத்துக்குச் சிப்பாயின் பெயர் வேண்டும்

வள்ளியாறு கடலில் சேரும் ஊர் கடியப்பட்டணம். கிழக்கே மணக்குடியில் பழையாறு, மேற்கே தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறு என்று குமரி மாவட்டக் கடற்கரையை ஆற்றுவாய்கள் அங்கங்கே அறுத்துப் போடுகின்றன. பொழி திறந்துவிட்டால் இந்தக் கரைக்காரர் அந்தக் கரைக்குப் போகப் பாலம்தான் வழி. அதனால் இங்கே பாலம் என்பது ஊரின் பொதுச்சொத்துகளிலேயே பெரியது. இப்படிப்பட்ட ஒரு கரையோர ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போய் எல்லையில் உயிர்விட்ட ஒருவரின் பெயரை அந்த ஊர்ப் பாலத்துக்கு வைக்கலாம் என்று பேச்செடுத்துப் பாருங்கள். மறுப்பு சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர், பங்குப் பேரவை உறுப்பினர், நாலு இடம் போய்வந்த பொறியாளர் என்று ஊர் மதிக்கிறவர்கள்தான் சொல்வார்கள். பெயரால் வயிறு நிறையாது, குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுங்கள் என்பார் ஒருவர். சம்பளத்துக்குச் செய்த வேலைதானே என்பார் இன்னொருவர். பெயர் வைத்தால் சாதிச் சண்டை வரும், ஊர்ப்பெயரே இருக்கட்டும் என்பது மூன்றாவது. கடலில் போனவர்களுக்கு எந்தப் பாலம் இருக்கிறது என்பது நான்காவது. எப்படியும் யாரும் அந்தப் பெயரைச் சொல்லப்போவதில்லை என்று முடிப்பார்கள்.

இந்த மறுப்புகள் ஒவ்வொன்றும் நியாயம் போலத் தோன்றும். ஒன்றுகூட நிற்காது என்பது என் உறுதியான எண்ணம். தலைவர்களுக்கும் அமைச்சர்களுக்கும் முன்பாக, பதவியோ பதக்கமோ இல்லாத சாதாரணச் சிப்பாய்க்குத்தான் அவன் பிறந்த ஊரின் பாலம் உரியது.

பணத்தில் தொடங்குகிறேன். 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் உயிரிழந்த 20 பேரில் ஹவில்தார் பழனியும் ஒருவர். ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானைப் பக்கம் கடுக்கலூர்க்காரர். தமிழ்நாடு அரசு அவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாயும் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தது. பின்னால் வீர் சக்ரா விருதும் வந்தது. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேரில் அரியலூர் மாவட்டத்துச் சிவச்சந்திரனும் தூத்துக்குடி மாவட்டம் சவலாப்பேரியின் சுப்பிரமணியனும் உண்டு. அவர்கள் குடும்பங்களுக்கும் அதே 20 லட்சம் அறிவிக்கப்பட்டது. இந்தப் பணம் குடும்பத்தின் உரிமை. தாமதமில்லாமல், அலைக்கழிக்காமல் கொடுக்க வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பணம் அரசுக்கும் ஒரு வீட்டுக்கும் இடையில் முடிகிற காரியம். ஊர் என்ன செய்தது என்ற கேள்வி அதற்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. பெயர்ப்பலகை ஒன்றுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்து எந்த விதவையின் பாரத்தையும் இறக்க முடியாது. ஒரு தலைவரின் பெயரை மேம்பாலத்துக்கு வைக்கும்போது, அதற்குப் பதில் அவர் குடும்பத்துக்கு ஏதாவது செய்யுங்கள் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? பெயரா, சோறா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி ஏழை வீட்டின் முன்னால் மட்டும்தான் வைக்கப்படுகிறது.

சம்பளக் கணக்கு இதைவிடப் பலவீனமானது. அமைச்சரும் சம்பளம் வாங்குகிறார், ஆட்சியரும் வாங்குகிறார். முல்லைப்பெரியாறு அணையைக் கட்டி 1895இல் தண்ணீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுவிக் சம்பளம் வாங்கிய ராணுவப் பொறியாளர்தான். தேனி பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர் இருக்கிறது, அந்தப் பள்ளத்தாக்கு விவசாயிகள் வீட்டில் படம் மாட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். அவர் சம்பளம் வாங்கினாரே என்று அங்கே போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. படைவீரனின் சம்பளத்தில் அவன் உயிரின் விலை எந்த வரியில் எழுதியிருக்கிறது? அவன் ஒப்புக்கொண்டது, போ என்றால் போவது. போ என்று சொன்னது நாம் வாக்களித்து அமைத்த அரசு. நம் பெயரால் சொன்னது. அந்தச் சாவு பொதுச்சாவு. பொதுச்சாவுக்குப் பொது இடத்தில் பெயர் வேண்டும்.

இதை நம் முன்னோர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் தமிழி எழுத்துப் பொறித்தவை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் இறந்த ஒருவனின் பெயரைச் சொல்கிறது. அவன் அரசன் இல்லை, தளபதி என்றும் அந்தக் கல் சொல்லவில்லை. மாட்டை மீட்கவோ கவரவோ போய் இறந்த ஓர் ஊர்க்காரன். கல்லைத் தேடுவதிலிருந்து நட்டு வாழ்த்துவதுவரை ஒவ்வொரு நிலைக்கும் தொல்காப்பியம் இலக்கணம் வகுத்திருக்கிறது என்றால், அது எவ்வளவு பெரிய சமூகக் கடமையாக இருந்திருக்க வேண்டும். செங்கத்துப் பக்கம் போனால் பல்லவர் காலத்து நடுகற்கள் வரிசையாகக் கிடைக்கும். அரசனின் ஆட்சியாண்டு முதலில் வந்தாலும், கல் நடப்பட்டது என்னவோ இறந்த வீரனுக்காகத்தான். அவன் பெயர், அவன் ஊர், எந்தச் சண்டையில் பட்டான் என்ற செய்தி எல்லாம் அந்தச் சின்னக் கல்லுக்குள் இருக்கும். அதுவும் அவன் விழுந்த இடத்தில், அல்லது அவன் ஊர் வழியில்.

அந்த வழக்கம் எங்கே அறுந்தது என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. கடியப்பட்டணத்துக்கு மேற்கே கொஞ்ச தூரம்தான் குளச்சல். அந்தப் போரின் நினைவாக அங்கே வெற்றித்தூண் நிற்கிறது. அந்தப் போரில் நாம் அறிந்த பெயர்கள் எவை? மன்னர் மார்த்தாண்ட வர்மா. தோற்றுப் பிடிபட்டுப் பிறகு மன்னருக்கே தளபதியாகிவிட்ட டிலெனாய். 1777இல் இறந்த டிலெனாய்க்கு உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் துப்பாக்கிப் படை போலத் தெரிய வேண்டும் என்று துடுப்பைத் தோளில் சாய்த்துக் கரையில் நின்ற முக்குவர்களைப் பற்றிக் கரையோர மக்கள் இன்றும் கதை சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? எதிரிப் படையின் தலைவனுக்கு இரண்டு மொழியில் கல்வெட்டு, கரையில் நின்ற நம் ஆளுக்கு ஒரு கதை மட்டும். டிலெனாயின் கல்லறை மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. நம் ஆட்களின் பெயர் இல்லாமல் போனதுதான் குறை.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக ஈராக்கின் பாஸ்ராவில் பெரிய நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பிரிட்டிஷ் படையினரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கோ படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டும். அந்தச் சின்னத்தை எழுப்பியது, எல்லோரையும் பதவி பாராமல் சமமாக நினைவுகூர்வோம் என்று சொல்லித் தொடங்கிய போர்க்கல்லறை ஆணையம். தன் வாக்கைத் தான் காக்கவில்லை என்று 2021இல்தான் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் கழித்து.

சுதந்திர இந்தியா இதில் எவ்வளவோ மேல். 2019 பிப்ரவரியில் டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் சிப்பாய், அதிகாரி என்ற வேறுபாடு இல்லாமல் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் கல்லில் இருக்கின்றன. அப்படியானால் ஊரில் எதற்கு இன்னொன்று என்று கேட்பவர்கள், கடியப்பட்டணத்திலிருந்து டெல்லி ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் என்பதை நினைக்க வேண்டும். மகனின் பெயரைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு தாய் மூன்று நாள் ரயிலில் உட்கார வேண்டுமா? ஊருக்குள் கிடைக்கிற மரியாதையோ பதக்கத்தைப் பொறுத்தே அமைகிறது. கார்கில் போரில் 1999 மே 29 அன்று படாலிக்கில் விழுந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவுச்சின்னம் எழுந்தது. அவர் உடல் ஒரு மாதத்துக்கும் மேலாக அந்தச் சிகரத்திலேயே கிடந்ததைத் திருச்சி மறக்கவில்லை. பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரனின் பெயரை 2023 ஜனவரியில் அந்தமானில் ஒரு தீவுக்கு வைத்தார்கள். லடாக்கில் ஷியோக் ஆற்றின் மேல் 2019இல் திறந்த பாலம், இருமுறை மகா வீர் சக்ரா பெற்ற கர்னல் சேவாங் ரிஞ்சனின் பெயரில் இருக்கிறது. உத்தரப் பிரதேசம் காஜிப்பூரில் கங்கைப் பாலத்துக்கு 1965 போரில் டாங்கிகளைத் தகர்த்து இறந்த அப்துல் ஹமீதின் பெயர். ஹமீத் அதிகாரி அல்லர், சாதாரணப் படைவரிசையிலிருந்து வந்தவர். அதனாலேயே அந்தப் பாலம் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. அவருக்கும்கூடப் பரம் வீர் சக்ரா தேவைப்பட்டது. பதக்கம் எதுவும் பெறாமல், பனிச்சரிவிலோ கண்ணிவெடியிலோ இறந்த ஒரு சிப்பாய்க்கு ஊர்முனையில் இரண்டு வாரம் ஒரு பிளெக்ஸ் பேனர் நிற்கும். மழையில் கிழியும். அதோடு சரி.

சாதிச் சண்டை என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். 1997ஐத் தென்மாவட்டக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மன் படையில் நின்று 1799இல் வெள்ளையரை எதிர்த்து இறந்தவர் அவர். அவர் தலித் என்பதற்காக அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மோதல் பல ஊர்களுக்குப் பரவி உயிர்களும் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களையும், தலைவர்கள் பெயர் தாங்கிய மாவட்டங்களின் பெயர்களையும் ஒரே அடியாக எடுத்துவிட்டது. நம் மாவட்டத்துப் பேருந்துகளில் இருந்த நேசமணியின் பெயரும் அப்படித்தான் போனது.

இதிலிருந்து பெயரே ஆபத்து என்ற பாடத்தைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. நாட்டுக்காக இறந்த ஒரு வீரனின் பெயரைச் சகிக்க முடியாதவர்கள் வன்முறையில் இறங்கினார்கள், அரசு பின்வாங்கியது. குற்றம் பெயரில் இல்லை, அதை மறுத்தவர்களிடம் இருந்தது. மறுத்தவர்கள் கேட்டதும் அந்தப் பெயர் இருக்கக் கூடாது என்பதைத்தான். அது நடந்துவிட்டது. அதன் பிறகாவது பொது இடங்களுக்கு ஆள்பெயரே வேண்டாம் என்று தமிழ்நாடு நின்றதா? 2018இல் கோயம்பேடு பேருந்து நிலையத்துக்கும் 2019இல் சென்னை சென்ட்ரலுக்கும் எம்.ஜி.ஆர். பெயர் வந்தது. 2025 அக்டோபரில் கோவை அவினாசி சாலையின் பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் வந்தது. இவை தகுதியற்ற பெயர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெயரே வேண்டாம் என்ற விதி பெரிய இடங்களில் எப்போதோ கைவிடப்பட்டது. சிப்பாயின் பெயர் வரும்போது மட்டும் அதைத் தூசு தட்டி எடுக்கிறோம்.

நம் மாவட்டத்திலேயே பழையாற்றின் வாயில் ஒரு பதில் நிற்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி மணக்குடிப் பாலத்தைப் பெயர்த்து எறிந்தது. பிறகு கட்டிய பாலம் லூர்தம்மாள் சைமனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1957இல் குளச்சலிலிருந்து வென்று காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சிக்கும் மீன்வளத்துக்கும் அமைச்சராக இருந்த கடற்கரைப் பெண். அந்தப் பெயரால் யார் குடியும் கெடவில்லை. எந்தச் சாதிக்காரரும் மணக்குடிக்குப் போகாமல் சுற்றிப் போவதில்லை.

இனி, எனக்கு மிகவும் வலிக்கிற மறுப்புக்கு வருகிறேன். கடலில் போனவர்களுக்கு எந்தப் பாலம்? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக்கடலில் வீசியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் திரும்பவில்லை. தேடுங்கள், தேடுங்கள் என்று கேட்டுக் குழித்துறை ரயில் நிலையத்தில் கரையோர மக்கள் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பல வீடுகளுக்கு உடல்கூட வரவில்லை. கல்லறைத் திருநாள் அன்று மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு குழி இல்லாத குடும்பங்கள் அந்த ஊர்களில் எத்தனையோ. இவர்களை விட்டுவிட்டுச் சிப்பாய்க்கு மட்டும் பெயரா என்று கேட்பவர் கோபத்தோடுதான் கேட்கிறார், அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் அந்தக் கோபம் சிப்பாய்க்கு எதிராகத் திரும்ப எந்தக் காரணமும் இல்லை. எல்லையில் இறந்தவனும் அதே கரையில் பிறந்தவன். அண்ணன் வள்ளத்தில் போயிருப்பான், தம்பி பட்டாளத்துக்குப் போயிருப்பான். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரித்தான் ஒப்பாரி. கடலில் போனவர்களின் பெயர்களைத் துறைமுகத்தில், மீன் ஏலக்கூடத்தில், தூண்டில் வளைவின் முகப்பில் ஒவ்வொன்றாகப் பொறிக்க வேண்டும் என்று கேளுங்கள், நானும் கூட வருகிறேன். தேடுதல் தாமதமானதற்கு அரசு அந்தக் கல்லின் முன்னால் வந்து தலைகுனிந்து நிற்கட்டும். ஒரு சாவுக்கு மரியாதை கிடைக்கவில்லை என்பதற்காக இன்னொரு சாவின் மரியாதையையும் தடுத்தால் கரைக்கு இரண்டுமே இல்லாமல் போகும். இதுவரை அப்படித்தான் போயிருக்கிறது.

இன்னொரு மறுப்பு உண்டு, பலர் வெளியில் சொல்வதில்லை. சிப்பாயின் பெயர் வைத்தால் அவன் போன போரை ஒப்புக்கொண்டதாக ஆகாதா? 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையை நினைத்தால் தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குக் கனம் கூடுகிறது. அந்தப் படை 1990 மார்ச்சில் சென்னைக்குத் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தமிழர்கள் அந்தப் படையால் பட்ட துயரத்தை நினைத்தால் அவர் முடிவு எனக்குப் புரிகிறது. அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேஜர் பரமேஸ்வரனும் அங்கேதான், 1987 நவம்பர் 25 அன்று இறந்தார். எங்கே போக வேண்டும் என்று அவர்களில் யாரும் முடிவு செய்யவில்லை. அமெரிக்காவில் வியட்நாம் போர் எத்தனை வீடுகளைப் பிளந்தது என்று உலகம் அறியும். ஆனாலும் 1982இல் வாஷிங்டனில் ஒரு கருங்கல் சுவர் எழுப்பினார்கள். மாயா லின் என்ற மாணவி வடிவமைத்தது. பதவி இல்லாமல், இறந்த வரிசையில் ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். போரை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களும் ஆதரித்தவர்களும் ஒரே சுவரின் முன்னால் நின்று அழுகிறார்கள். போர் சரியா தவறா என்று அந்தச் சுவர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. இத்தனை பேர் போனார்கள் என்கிறது. ஒரு போரை எதிர்ப்பவருக்குத்தான் இறந்தவர்களின் பெயர்கள் கண்முன் இருப்பது அதிகம் தேவை. கண்ணுக்குத் தெரியாத சாவைப் பற்றி எந்த அரசையும் கேள்வி கேட்க முடியாது.

யாரும் அந்தப் பெயரைச் சொல்லப்போவதில்லை என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. சென்னையில் 1973இல் திறந்த அண்ணா மேம்பாலத்தை மக்கள் இன்னும் ஜெமினி மேம்பாலம் என்றுதான் சொல்கிறார்கள். அதனால் அண்ணா பெயரை எடுத்துவிடலாமா? திருநெல்வேலியில் தாமிரபரணி மேல் தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1843இல் பாலம் கட்டிய சுலோசன முதலியாரின் பெயர் இன்றுவரை நிற்கிறது. வாய்வழக்கு எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பொதுப்பணித்துறை கோப்பில், வெள்ள எச்சரிக்கையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திப் படிக்கிற பலகையில் அந்தப் பெயர் இருந்தால் எனக்குப் போதும்.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முதலில் வீட்டாரிடம் கேட்க வேண்டும். மகன் பெயரைத் தினமும் பார்த்துக்கொண்டு பாலம் கடக்க முடியாது என்று ஒரு தாய் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும். சரி என்றால் உள்ளாட்சி மன்றமும் கிராம சபையும் தீர்மானம் போட வேண்டும். பங்குப் பேரவையும் கோயில் கமிட்டியும் ஜமாத்தும் அதே கூட்டத்தில் உட்கார வேண்டும், எந்த ஒரு சமுதாயத்தின் பெயராகவும் அது குறுகிவிடாமல் இருக்க. பலகையில் பெயர், ஊர், படைப்பிரிவு, பதவி, இறந்த இடம், இறந்த நாள் இருக்கட்டும். சிப்பாய் என்றால் சிப்பாய் என்றே எழுதுங்கள், மாவீரர் என்று அடைமொழி போட்டுப் பதவியை மறைக்காதீர்கள். சாதி அடையாளமோ கட்சி நிறமோ அதில் வரக் கூடாது. திறந்து வைத்தவரின் பெயர் எழுத்து இறந்தவரின் பெயர் எழுத்தைவிடப் பெரிதாக இருக்கவே கூடாது. இந்தத் தீர்மானம் நெடுஞ்சாலைத்துறைக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம், பாலத்தின் தூண்கள் எழும்பும்போதே. திறப்பு விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போன பிறகு கேட்டால் அந்தப் பாலத்துக்கு வேறு ஒரு பெயர் ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.